ஃபார்மட் செய்தால் அழிந்துவிடுமா? பழைய கணினியை விற்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைத் துடைப்பது பற்றி

“அப்பாவின் வரி ஆலோசனை அலுவலகத்தில் பத்து ஆண்டுகளாக ஓடிய மேசைக் கணினியை விற்கப் போகிறோம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வாங்கிக்கொள்ளும் கடைக்காரர், ‘அப்படியே கொண்டுவாருங்கள், நாங்களே ஃபார்மட் போட்டுக்கொள்கிறோம்’ என்கிறார். நண்பர் ஒருவர் முப்பத்தைந்து முறை அழித்தால்தான் போகும் என்கிறார். இன்னொருவர் டிரில் போட்டு ஓட்டையிடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரர் சொல்வது போதாது. நண்பர்கள் சொல்லும் இரண்டும் தேவைக்கு மேல். சுழலும் தட்டு கொண்ட உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் முதல் செக்டர் (வட்டில் தரவை எழுதும் மிகச் சிறிய கட்டம்) தொடங்கிக் கடைசி செக்டர் வரை ஒரே ஒரு முறை பூஜ்யத்தை எழுதி, எழுதப்பட்டுவிட்டதா என்று திறந்து பார்த்து, அதன் பிறகு விண்டோஸை நிறுவிக் கொடுத்தால் போதும். இதைக் கணினி உங்கள் கையைவிட்டுப் போகும் முன்பே, உங்கள் வீட்டிலேயே, நீங்களே செய்துவிட வேண்டும் என்பதுதான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. காசு செலவில்லை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் ஒரு நாள் பிற்பகலும் இருந்தால் முடிந்துவிடும்.

ஃபார்மட் என்ற சொல்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற தலைமை அட்டவணையில், வழக்கமாக 1,024 பைட் அளவில், ஒரு பதிவு இருக்கும். கோப்பின் பெயர், தேதி, அளவு, அதன் உள்ளடக்கம் வட்டின் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் அந்தப் பதிவில்தான் உள்ளன. நீங்கள் ஒரு கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யும்போது, ‘இது பயன்பாட்டில் உள்ளது’ என்ற குறியை அந்தப் பதிவிலிருந்து எடுத்துவிட்டு, கோப்பு இருந்த இடத்தைக் ‘காலி’ என்று விண்டோஸ் எழுதிக்கொள்கிறது. உள்ளடக்கம் தொடப்படுவதில்லை. ஊர்க் கணக்கில் பெயரை அடித்துவிட்டதால் வயலில் நிற்கும் பயிர் மறைந்துபோவதில்லை அல்லவா, அதைப் போன்றதுதான் இது. குயிக் ஃபார்மட் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பழைய கணக்குப் புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதிய வெற்றுப் புத்தகம் ஒன்றைத் தொடங்குகிறது. பயிர் அப்போதும் நிற்கிறது. அது சில நொடிகளில் முடிந்துவிடுவதே இதற்குச் சாட்சி. 500 ஜிபி முழுவதையும் சில நொடிகளில் எழுதக்கூடிய ஹார்ட் டிஸ்க் எதுவும் கிடையாது.

குயிக் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட் வேறு வகை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதுவும் வட்டில் பழுதான இடம் உண்டா என்று படித்துப் பார்த்ததோடு சரி. விஸ்டா முதல்தான் அந்தப் பகுதி முழுவதும் பூஜ்யம் எழுதத் தொடங்கியது. எனவே இன்றைய முழு ஃபார்மட் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியை மட்டும்தான் அது துடைக்கும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவை உள்ளிருந்தபடியே அதனால் துடைக்கவும் முடியாது.

நம் ஊர்க் கணினிகளில் இது பெரிய ஓட்டை. வாங்கும்போதே வட்டை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது இங்கே நெடுநாள் வழக்கம். “ஃபார்மட் போட்டுத் தருகிறோம்” என்றால் பெரும்பாலும் சி டிரைவில் மட்டும் விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருகிறார்கள் என்றே பொருள், ஏனென்றால் வாடிக்கையாளரின் டி டிரைவைத் தொடக் கூடாது என்பதுதான் அவர்கள் பழகிய முறை. பழுது பார்க்கும்போது அது நல்ல பழக்கம். விற்கும்போது அதே பழக்கம் உங்கள் கோப்புகள் அத்தனையையும் பெயரோடும் கோப்புறையோடும் அடுத்தவர் கையில் கொடுத்துவிடும். சில சமயம் சி டிரைவைக்கூட ஃபார்மட் செய்யாமல் மேலேயே நிறுவிவிடுவார்கள். அப்போது பழைய கோப்புகள் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் ரெக்கார்டரில் போடுவதற்காகப் பழைய 320 ஜிபி வட்டு ஒன்றை வாங்கினேன். கணினியில் இணைத்துப் பார்த்தபோது முழுவதும் காலி என்றே காட்டியது. போட்டோரெக் என்ற இலவச நிரலை அதன் மேல் ஓட்டினேன். அந்த நிரலுக்கு எம்எஃப்டி அட்டவணையே தேவையில்லை. ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். பிடிஎஃப் என்றால் அதற்கென்று ஒரு தொடக்கம் உண்டு. இப்படிப்பட்ட தொடக்கங்களைத் தேடிக்கொண்டே வட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதுதான் அதன் வேலை. அரை மணி நேரத்துக்குள், எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணும் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான படங்கள் வந்து குவிந்தன. திறந்த முதல் படத்தில் ஒரு குழந்தை தாய்மாமன் மடியில் காதுகுத்தின்போது அழுதுகொண்டிருந்தது. அடுத்தது ரேஷன் கார்டின் ஸ்கேன். அதற்கடுத்தது வரன் பார்ப்பதற்காகத் தயாரித்த ஒரு பெண்ணின் விவரத்தாள். ராசிக் கட்டம், சம்பளம், வீட்டு முகவரி, தந்தையின் கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. அதற்கு மேல் நான் எதையும் திறக்கவில்லை. அன்றிரவே வட்டு முழுவதையும் பூஜ்யமாக்கினேன். அந்தக் குடும்பத்தாரும் தங்கள் கணினியை ஃபார்மட் செய்துதான் கொடுத்திருக்கிறார்கள், அழிந்துவிட்டது என்று நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

இது ஏதோ ஒரு வட்டில் நடந்த தற்செயல் அல்ல. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலாட் ஆகிய இருவர் 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிப் பரிசோதித்து, முடிவுகளை 2003இல் வெளியிட்டார்கள். ஓடும் நிலையில் இருந்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு வட்டு பணம் எடுக்கும் இயந்திரத்திலிருந்து வந்திருந்தது. பெரிய நிறுவனங்களும் இதில் விதிவிலக்கல்ல. மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனம் பழைய கணினிகளையும் வட்டுகளையும் அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான்களை இடம் மாற்றித் தரும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரங்கள் உள்ளே இருக்க, இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. இதற்காக 2022 செப்டம்பரில் 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. “கடைக்காரர் பார்த்துக்கொள்வார்” என்று விடுவதன் பெரிய அளவு வடிவம் இதுதான்.

இனி உங்கள் கணினிக்கு வருவோம். துடைப்பதைவிடத் துடைக்கும் முன் செய்ய வேண்டியதில்தான் உங்களுக்கு அதிகக் கவனம் தேவை, ஏனென்றால் அது வரி ஆலோசகரின் கணினி. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆக, அப்பா தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும், யாருடைய எந்த ஆண்டுக் கணக்கு அந்த வட்டில் மட்டுமே இருக்கிறது என்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அவருக்கு நினைவிருப்பது உங்களுக்குத் தெரியாது.

கோப்புகள் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையில் மட்டும்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் பாதி கிடக்கும். டேலியின் தரவுக் கோப்புறை வேறு இடத்தில் இருக்கும். அது எங்கே என்று டேலியைத் திறந்தால் அதுவே காட்டும், பேக்கப் எடுக்கும் வசதியும் அதற்குள்ளேயே உண்டு. அவுட்லுக் பயன்படுத்தியிருந்தால் பத்தாண்டு மின்னஞ்சலும் பிஎஸ்டி என்று முடியும் ஒரே கோப்பில் அடைந்திருக்கலாம். பலரும் மறந்துவிடுகிற ஒன்றையும் சொல்கிறேன்: யூனிகோடு பரவும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதங்கள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையிலிருந்து நகலெடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு இல்லாமல் திறந்தால் கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

நகலெடுத்தவுடன் வேலை முடிந்ததாகக் கொள்ளாமல், அந்த வெளிவட்டை வேறொரு கணினியில் இணைத்து, நான்கைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். டேலி நகலை ரீஸ்டோர் செய்தே பார்த்துவிடுங்கள். திறக்க முடியாத நகலை நம்பி மூலத்தை அழித்துவிட்டு வந்து நின்றவர்களுக்கு என்னால் எந்த உதவியும் செய்ய முடிந்ததில்லை. வாடிக்கையாளர் விவரங்கள் முழுவதும் இப்போது அந்த வெளிவட்டுக்கு வந்துவிட்டன என்பதால், அதற்குக் கடவுச்சொல் வைத்து, வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரால் பூட்டி, பீரோவில் வையுங்கள்.

அடுத்து உரிமங்களும் கணக்குகளும். டேலி உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றுவதாக இருந்தால் பழையதில் அதை முதலில் சரண்டர் செய்ய வேண்டும். வட்டைத் துடைத்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். குரோம் உலாவியிலிருந்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள். கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்தக் கணினியை நீக்குங்கள். பெட்டியின் பின்புறத்தையும் பாருங்கள்: டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் அங்கேயே செருகியபடி ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கும். டிவிடி தட்டையும் ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள்.

துடைப்பதற்கு முன் உள்ளே இருப்பது சுழலும் தட்டா, சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் முறை வேறு. தேடல் பெட்டியில் டிஃப்ராக்மெண்ட் என்று தட்டினால் வரும் சாளரத்தில் ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே அதன் வகை எழுதியிருக்கும். நீங்கள் சொல்லும் வயதையும் அளவையும் பார்த்தால் உங்களுடையது சுழலும் தட்டாகத்தான் இருக்கும். அதே சமயத்தில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலை ஓட்டி, 05, சி5 என்ற எண்களுக்கு எதிரே ரா வேல்யூஸ் என்ற பத்தியில் உள்ள மதிப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதாகி ஒதுக்கி வைக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை முதலாவது. படிக்க முடியாமல் தடுமாறும் செக்டர்களின் எண்ணிக்கை இரண்டாவது. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் வட்டு விற்பனைக்குத் தகுதியானது. பூஜ்யமாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, பென் டிரைவில் விண்டோஸ் 10 நிறுவும் ஊடகத்தைத் தயார் செய்யுங்கள். பிறகு, நகலெடுத்த வெளிவட்டைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த வேலையில் நடக்கும் மிகக் கொடுமையான விபத்து, துடைக்க வேண்டிய வட்டை விட்டுவிட்டு நகல் வட்டைத் துடைத்துவிடுவதுதான். இணைக்கப்படாத வட்டை யாராலும் தவறிப்போய்த் துடைக்க முடியாது.

பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். மொழி கேட்கும் முதல் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு எஃப்10ஐ அழுத்தினால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் ஆங்கிலத்தில் டிஸ்க்பார்ட் (diskpart) என்று தட்டி என்டர் கொடுங்கள். அடுத்து லிஸ்ட் டிஸ்க் என்று கொடுத்தால் இணைந்துள்ள வட்டுகள் எண்ணோடு வரிசையாக வரும். எண்ணைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்: 500 ஜிபி என்று நீங்கள் வாங்கிய வட்டை விண்டோஸ் 465 ஜிபி என்றே காட்டும், பென் டிரைவ் ஒற்றை இலக்கத்தில் தெரியும். 465க்கு எதிரே உள்ள எண் 0 என்றால் செலக்ட் டிஸ்க் 0 என்று கொடுங்கள். மீண்டும் ஒருமுறை லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, உடுக்குறி (*) சரியான வரியின் முன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு கிளீன் ஆல் என்று தட்டி என்டர் கொடுங்கள்.

அந்த ஆல் என்ற சொல் மிக முக்கியம். வெறும் கிளீன் என்று கொடுத்தால் பகுதிகளைப் பற்றிய விவரம் மட்டுமே நீங்கும். ஒரு நொடியில் முடிந்துவிடும், உள்ளடக்கம் முழுவதும் அப்படியே இருக்கும். கிளீன் ஆல் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யத்தை எழுதும். 512 பைட் செக்டர் கணக்கில் ஒரு 500 ஜிபி வட்டில் இருப்பவை 97 கோடியே 67 லட்சத்து 73 ஆயிரத்து 168 செக்டர்கள். விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினாலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். தட்டின் உட்பகுதிக்குப் போகப் போக வேகம் குறையும் என்பதால் இரண்டு மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். திரையில் விழுக்காடோ பட்டையோ எதுவும் வராது, கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். உறைந்துவிட்டது என்று எண்ணிப் பலர் பாதியில் அணைத்துவிடுகிறார்கள். பெட்டியின் முகப்பில் வட்டுக்கான சிறு விளக்கு விடாமல் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வேலை நடக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆகவே யூபிஎஸ் இருந்தால் நல்லது.

முப்பத்தைந்து முறை என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் நண்பர் கற்பனை செய்ததல்ல. 1996இல் பீட்டர் குட்மன் என்ற ஆய்வாளர், மேலெழுதப்பட்ட தரவைக் காந்தத் தடங்களின் ஓரங்களிலிருந்து நுண்ணோக்கியால் மீட்கக்கூடும் என்று கூறி, அன்றைக்கு இருந்த பலவகை வட்டுகளின் குறியீட்டு முறைகளை எல்லாம் கணக்கில் கொண்டு 35 வகை மேலெழுதல்களைப் பட்டியலிட்டார். எந்த ஒரு வட்டுக்கும் அந்த முப்பத்தைந்தும் பொருந்தாது. ஒவ்வொரு வகை வட்டுக்கும் அவற்றில் சிலதான் உரியவை. எல்லாவற்றையும் வரிசையாகச் செய்வதை மந்திரச் சடங்கு போலப் பலர் கொண்டாடுகிறார்கள் என்று பின்னாளில் அவரே வருந்தி எழுதினார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியே, 2001க்குப் பின் தயாரிக்கப்பட்ட, 15 ஜிபிக்கு மேற்பட்ட ஏடிஏ வட்டுகளுக்கு (கணினிகளில் வழக்கமாக இருக்கும் வகை) ஒரு முறை மேலெழுதுவது போதும் என்று சொல்லிவிட்டது. தடங்கள் அவ்வளவு நெருக்கமாகிவிட்டதால் ஓரத்தில் எஞ்சி நிற்க இடமே இல்லை. முப்பத்தைந்து முறை ஓட்டினால் உங்கள் வட்டு இரண்டு, மூன்று நாள் இடைவிடாமல் சூடாகும். பாதுகாப்பு ஒரு துளியும் அதிகரிக்காது. அந்த நேரத்தில் ஒரு மணியைச் சரிபார்ப்பதற்குச் செலவிடுவது எவ்வளவோ மேல்.

சரிபார்ப்பதற்கு எளிய வழி, வட்டைக் கழற்றி யூஎஸ்பி இணைப்பான் வழியாக வேறொரு கணினியில் இணைப்பது. மேசைக் கணினியின் 3.5 அங்குல வட்டுக்கு 12 வோல்ட் மின்சாரம் தனியாக வேண்டும் என்பதால், அடாப்டரோடு வரும் இணைப்பானாகப் பாருங்கள். இணைத்தவுடன், வட்டை இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வட்டில் உள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி போன்ற ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் வட்டை, படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்தால், இடப்பக்கம் 00, 00, 00 என்று வரிவரியாக ஓடும், வலப்பக்கம் புள்ளிகளாகவே இருக்கும். தொடக்கத்தில் மட்டும் பார்த்து விட்டுவிடாமல், நடுவில் ஏழெட்டு இடங்களிலும் கடைசிப் பக்கத்திலும் பாருங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் நான் சொன்ன போட்டோரெக்கையே அதன் மேல் ஓட்டிவிடுங்கள். ஒரு படம்கூட வரக் கூடாது.

கழற்றி மாட்டுவது சிரமம் என்பவர்கள், விண்டோஸில் உள்ள ரீசெட் திஸ் பிசி வசதியில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்து, அமைப்புகளை மாற்று என்ற இடத்தில் கிளீன் டேட்டா என்பதையும், டி, இ டிரைவ்களும் துடைபட எல்லா டிரைவ்களிலிருந்தும் அழி என்பதையும் இயக்கிச் செய்யலாம். சாதாரண வீட்டுக் கணினிக்கு இது போதும். அரசும் தொழில்துறையும் கோரும் அழிப்புத் தரத்தை அது எட்டாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது, எனவே வரி அலுவலகக் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பு விட்டுவைத்த பழுதான செக்டர் கதை இதுதான். ஒரு செக்டர் கெட்டுவிட்டால் வட்டு அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறோர் இடத்தை அதற்குப் பதிலாகக் காட்டும். ஒதுக்கப்பட்ட இடத்தில் கடைசியாக எழுதியது அங்கேயே நின்றுவிடும். கிளீன் ஆல் அங்கே போகவே போகாது. ஒரு செக்டருக்கு 512 அல்லது 4,096 பைட்தான் என்பதால் அதிலிருந்து முழு ஆவணம் கிடைப்பது அரிது என்றாலும், ஒரு பான் எண்ணுக்குப் பத்து எழுத்துகள் போதும். அந்த விவரம் உங்களுடையதாக இருந்தால் துணிவது உங்கள் விருப்பம். அப்பாவை நம்பிக் கொடுத்தவர்களுடையது என்பதால், 05க்கும் சி5க்கும் எதிரே பூஜ்யம் இல்லாவிட்டால் வட்டை விற்காதீர்கள். கெட்டுக்கொண்டிருக்கும் வட்டை இன்னொருவர் தலையில் கட்டுவதும் முறையல்ல. பத்து வருடப் பழைய 500 ஜிபி வட்டுக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய்தான். வட்டு இல்லாமல் பெட்டியை மட்டும் விற்றால் அந்த அளவே குறையும்.

டிரில் தேவைப்படுவது அந்தக் கட்டத்தில்தான், அதுவும் பூஜ்யம் எழுதிய பிறகு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, மேல் மூடியில் உள்ள நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் தட்டுகளை எடுத்துத் துளையிடலாம் அல்லது வளைத்துவிடலாம். 3.5 அங்குல வட்டுகளில் தட்டு பெரும்பாலும் அலுமினியம், வளையும். மடிக்கணினி வட்டுகளில் பல கண்ணாடித் தட்டுகள், தட்டினால் தூளாகித் தெறிக்கும். மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் பதிவு பெற்ற இடத்தில் கொடுங்கள். ஸ்பீக்கர் காந்தத்தை வட்டின் மேல் தேய்த்தால் அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; வட்டுக்குள்ளேயே அதைவிட வலிய காந்தங்கள் இருக்கின்றன.

வீட்டில் மடிக்கணினியும் விற்கப் போவதாக இருந்தால் எஸ்எஸ்டியைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் நீங்கள் ஓர் இடத்தில் எழுதச் சொன்னால், சில்லுகள் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டகம் வேறோர் இடத்தில் எழுதிக்கொள்ளும். வெளியே தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. ஆகவே முழுவதும் பூஜ்யம் எழுதியபின்னும் பழைய துண்டுகள் எங்காவது ஒளிந்திருக்கலாம். அழிக்கும் பொறுப்பை அந்தக் கட்டுப்பாட்டகத்திடமே ஒப்படைப்பதுதான் வழி: செக்யூர் இரேஸ் என்ற உள்கட்டளை அதற்குத்தான். டெல், ஹெச்பி, லெனோவோவின் அலுவலக வகை மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பிலேயே இதற்கான வசதி இருக்கிறது. சாம்சங், கிங்ஸ்டன் போன்றவர்கள் தனி நிரலும் தருகிறார்கள். ஆனால் முடிந்துவிட்டது என்று அது சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011இல் சோதித்த எஸ்எஸ்டிகளில் ஒன்று, வெற்றிகரமாக அழித்துவிட்டேன் என்று அறிவித்தது. அதன் தரவு முழுவதும் அப்படியே இருந்தது. முதல் நாளிலிருந்தே பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்ட எஸ்எஸ்டி என்றால் கவலை மிகக் குறைவு: சாவி போய்விட்டால் எஞ்சி நிற்கும் எந்தத் துண்டும் யாருக்கும் பயன்படாது.

உங்கள் மேசைக் கணினிக்குக் கடைசி வேலை விண்டோஸை நிறுவுவது. அதே பென் டிரைவிலிருந்து தொடங்கி, வட்டு முழுவதும் ஒதுக்கப்படாத இடம் என்று காட்டும் திரையில் நெக்ஸ்ட் கொடுத்தால், பகுதிகளை அதுவே பிரித்து நிறுவிக்கொள்ளும். முன்பு முறையான உரிமத்தோடு ஓடியிருந்தால், விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு இணைந்தது என்பதால், சாவி கேட்கும்போது இல்லை என்று சொல்லிவிடலாம். இணையத்தில் இணைந்ததும் தானாகச் செயல்படும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் லினக்ஸ் போட்டுக்கொள்வதாக இருந்தால் நீங்கள் விண்டோஸ் நிறுவவே தேவையில்லை, துடைத்த வட்டை அப்படியே கொடுக்கலாம். நிறுவி முடித்ததும் எந்த நாடு என்று கேட்கும் திரை வரும். அங்கே எதையும் நிரப்பாமல் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் புதிய உரிமையாளர் கொடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு தாளில் வட்டின் வரிசை எண், துடைத்த தேதி, துடைத்த முறை, சரிபார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி, கடைக்காரர் கொடுக்கும் ரசீதோடு சேர்த்து அப்பாவின் கோப்பில் வைத்துவிடுங்கள். என்றைக்காவது ஒரு வாடிக்கையாளர், “என் கணக்கு இருந்த கணினி என்ன ஆயிற்று?” என்று கேட்டால், அப்பா எடுத்துக் காட்டுவதற்கு அது வேண்டும்.